ரெண்டாவது கியூஆர் ஸ்டிக்கர்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டைட்டில் தேடிட்டு இருக்கீங்களா? அப்போ உங்க லிஸ்ட்ல "இளம் தொழில்முனைவோருக்கான மொபைல் லேர்னிங் ஆப்" கண்டிப்பா இருக்கும். எங்க டீம் லிஸ்ட்லயும் இருக்கு. ஒரு லாகின் பேஜ், பத்து வீடியோ, ஒரு க்விஸ், கடைசியில் சர்டிஃபிகேட். ரிவ்யூவில் மார்க் வாங்க இது போதும். ஆனா அந்த ஆப்பை யார் திறந்து பார்க்கப் போறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

எனக்கு உடனே ஞாபகம் வர்றது எங்க பெரியம்மா பையன்தான். வயசு 23. கோபிசெட்டிபாளையத்துல சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். டிஸ்ப்ளே மாத்துறதுல இருந்து போர்டு வேலை வரைக்கும் முக்கால்வாசி யூடியூப்ல கத்துக்கிட்டதுதான். பெரும்பாலும் இந்தி வீடியோ. மொழி புரியாது, கை போற இடத்தைப் பார்த்தே பிடிச்சுக்குவான். போன்ல தொழில் கத்துக்க முடியுமான்னு யாராவது கேட்டா நான் அவனைத்தான் காட்டுவேன்.

ஆனா மாசம் பிறந்தா கடை வாடகைக்குத் திண்டாட்டம். வேலைக்குக் குறைவில்லை. கஸ்டமர் ஜிபே பண்ற பணமும் வீட்டு மளிகைக்குப் போற பணமும் ஒரே அக்கவுன்ட்ல கிடக்கும். லாபம் எவ்வளவுன்னு கேட்டா, "தெரியலடா, ஏதோ ஓடிட்டு இருக்கு"ம்பான்.

அப்போ ஒரு அக்கவுன்டிங் கோர்ஸ் கொடுத்தா சரியாயிடுமா? டொமினிக்கன் குடியரசில் இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அடோபெம் என்ற சிறுகடன் வங்கியில் கடன் வாங்கிய சிறு வியாபாரிகள் 1,000 பேருக்கு மேல் அந்த ஆய்வில் இருந்தாங்க. ஒரு பிரிவுக்கு முறையான கணக்குப் பாடம். இன்னொரு பிரிவுக்குச் சில எளிய விதிகள் மட்டும். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியா வைங்க, அந்த மாதிரி. 2014-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? எளிய விதிகளைக் கேட்டவர்களின் கணக்கு வழக்கம் நல்லா முன்னேறியிருந்தது. முறையான பாடம் படிச்சவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்த மாதிரி விதிகளைப் பதிவு செய்த குரலா போன்ல அனுப்பும் முயற்சி பிறகு இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நடந்தது.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கு. கையில காசு புழங்கினப்போ ரெண்டு டப்பா வெச்சாலே போதும். 2016-ல் யுபிஐ வந்த பிறகு கல்லாப்பெட்டியே போனுக்குள்ள போயிடுச்சு. அதனால ரெண்டு டப்பாவை ரெண்டு அக்கவுன்டா மாத்தணும். அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். வேற பேங்க்ல ஒரு அக்கவுன்ட் திறந்து, கடைக்குன்னு தனி கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினான். முதல் ரெண்டு மாசம் வாடகை 5-ஆம் தேதிக்குள்ள போச்சு.

மூணாவது மாசம் அக்கா பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் இவன்தான் செய்யணும். பெரியம்மா கேட்டாங்க, கடை அக்கவுன்ட்ல இருந்து எடுத்துக் கொடுத்துட்டான். போன்ல என்கிட்ட சொன்னது இதுதான்: "ரூல் எனக்குத் தெரியும்டா. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

இதுக்கு எந்த க்விஸ்ல பதில் இருக்கு, சொல்லுங்க?

ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்களை வெச்சு நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. கணக்கு, மார்க்கெட்டிங்னு வழக்கமான பாடத்துக்குப் பதிலா, தானா முன்வந்து யோசிக்கவும் தடை வந்தா தாண்டவும் பழக்கினாங்க. அவங்க லாபம் சராசரியா 30% கூடியது. அதுல நான் முக்கியமா பார்க்கிறது, வகுப்பு முடிஞ்ச பிறகும் பயிற்சி கொடுத்தவங்க கடைக்கே நேரில் போனாங்க என்பதைத்தான். வீடியோ முடிஞ்சதும் கடைக்கு வந்து "இந்த வாரம் என்ன ஆச்சு?"ன்னு கேட்க நம்ம ஆப்ல யார் இருக்கா?

அதனால எங்க டீம்ல நான் வேற ஒண்ணு சொல்லியிருக்கேன். வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒரு நிமிஷம், நம்ம ஊர்ப் பேச்சுலேயே. முதல் மெசேஜ், முதலாளி தனக்குன்னு ஒரு வாரச் சம்பளம் எடுத்து வீட்டுல கொடுக்கணும்னு சொல்லும். அந்தத் தொகை தெரிஞ்சா, சீர் மாதிரி செலவுக்கு அதுல இருந்தே மாசம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம்னு பெரியம்மாவே திட்டம் போடுவாங்க. அந்த மெசேஜை அண்ணன் மட்டும் இயர்போன்ல கேட்டா பாதி பிரயோஜனம்தான். ராத்திரி சாப்பிடும்போது ஸ்பீக்கர்ல போடணும்.

"இதுல டெக்னாலஜி எங்கப்பா இருக்கு?"ன்னு எங்க டீம்லயே கேட்டாச்சு. ரிவ்யூ பேனலும் கேட்கும். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கடை இருந்தா, முதல் மெசேஜ்ல என்ன சொல்லணும்னு யோசிச்சு எங்களுக்கு எழுதுங்க. அந்தக் கேள்விக்கு நாங்க காட்டப் போற பதில் அதுதான்.