எந்தக் கமரா நல்லது?

சென்ற வாரம் நம் மாணவர் ஒருவர் ஓர் ஐயத்தோடு வந்தார். பதுளை, பசறைப் பகுதிக் கலியாண வீடுகளில் படம் பிடித்துப் பிழைக்க எண்ணுகிறார்; கொழும்பிலிருந்து அண்ணன் பணம் அனுப்பியிருக்கிறாராம். "சேர், கெனன் வாங்கவா, நிக்கோன் வாங்கவா, சோனி வாங்கவா?" என்றார்.

கேள்வி சிறிது; விடை எளிதன்று. லென்ஸைப் பூட்டும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நிக்கோன் 1959இல் ஒரு முறை கண்டது. கெனன் 1987இல் வேறொன்று கண்டது. ஒன்றின் லென்ஸ் மற்றொன்றில் நேராகப் பொருந்தாது. ஆகவே முதற் கமரா வாங்குவது ஒரு குடும்பத்தோடு சம்பந்தம் செய்வது போன்றது. ஊரில் எது மிகுதியாகப் புழங்குகிறதோ, அதற்கே இரவல் லென்ஸும் பழுது பார்ப்பவரும் எளிதிற் கிடைப்பர். பலர் வாங்குவதையே பிறரும் நாடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பெயரை மட்டும் நம்புவதற்கில்லை. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் சந்தைக்குக் கொணர்ந்த கொடாக்கின் புகழை அறியாதார் யார்? அந்நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சசனே 1975இல் முதல் டிஜிட்டல் கமராவை அமைத்தார். எனினும் படச்சுருள் வருவாயையே பெரிதும் நம்பியிருந்த கொடாக், 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2010இல் உலகச் சந்தைக்குச் சென்ற ஜப்பானிய டிஜிட்டல் கமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அவை 80 இலட்சத்துக்கும் குறைவு. காரணம், கைத்தொலைபேசி.

நாமும் ஒரு காலத்தில் பெயருக்கு மயங்கியவரே. முதற் சம்பளத்தில் புகழ்பெற்ற கமரா ஒன்றை வாங்கினோம். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியை எடுத்தோம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்தோம். முப்பது ஆண்டு கொழுந்து பறித்து நம்மைப் படிப்பித்த அன்னையாரை எடுக்கவில்லை. "வேலைச் சீலையோடு எதுக்குத் தம்பி படம்? பொங்கலுக்குப் புதுச் சீலை கட்டினதும் எடு" என்பார்.

அந்தப் பொங்கலுக்கு அவர் இல்லை. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிய பின்னரே அவர் அடையாள அட்டை பெற்றார். அதற்கென எடுத்த சிறு படத்தையே கருமாதிக்குப் பெருப்பித்துச் சட்டமிட்டோம். அதில் அவர் விறைத்து அமர்ந்திருக்கிறார். லயத்து வாசலில் நாம் கண்ட அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் இல்லை.

மாணவரிடம் சொன்னோம்: "தம்பி, உம்முடைய ஊர்ப் படப்பிடிப்பாளர் வைத்திருப்பதையே வாங்கும், பாவித்ததாயினும் குற்றமில்லை. ஆனால் முதற் படத்தைக் கலியாண வீட்டில் எடுக்க வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் உம் அம்மாவை, வேலைச் சீலையோடேயே எடும். பொங்கல் வரை காத்திராதேயும்."