எண் மாறிய வண்டி

பொங்கல் விழாவன்று மண்டப வாசலில் நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நம் சங்கத்து நண்பர்கள் சிலர் கூடிவிட்டார்கள். "வண்டி 1967-ஆம் ஆண்டு வண்டி என்கிறீர், எண் பலகை மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தைபோல் இருக்கிறதே! என்ன ஐயா சமாசாரம்?" என்று ஒருவர் கேட்டார். கையில் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்ததால் அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. மலர் ஆசிரியரும் கட்டுரை கேட்டு என்னை விடாமல் துரத்துகிறார். இரண்டு கடன்களையும் இங்கே ஒருங்கே தீர்த்துவிடுகிறேன்.

வண்டி என் தாத்தாவுடையது. அவர் கும்பகோணத்தில் நெல் மண்டி வைத்திருந்தார். திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட் அது. மதராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969-இல். வண்டி அதற்கு இரண்டாண்டு மூத்தது. ஆகையால் அதன் எண் பழைய ராஜ்யத்தின் 'எம்' என்னும் எழுத்தில் தொடங்கும். அந்த எண்ணை எங்கள் தெருவில் அறியாதவர் கிடையாது. என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் கோலமாவால் தரையில் எழுதிக் காட்டுவார்.

தாத்தா காலமான பிறகு வண்டி மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. வாரிசுகள் எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி, 31-ஆம் எண் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்து, வண்டியை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் சுற்றி வந்து பார்த்து, "தம்பி, இது வண்டி இல்ல, வண்டியோட எலும்புக்கூடு" என்றார். ரிம், கார்புரேட்டர், மின்சார ஒயர்கள், சீட் என்று ஒவ்வொன்றாகப் புதிதாக வந்தன. கடைசியில் என்ஜினைப் பிரித்தால் அதன் அடிக்கூடு வெடித்திருந்தது. சென்னை புதுப்பேட்டைக்குப் போய் அதே ஜாதி என்ஜின் ஒன்று வாங்கி வந்தோம். "பில் இல்லாத என்ஜின் வேணாம் தம்பி, யாரோட வண்டியில இருந்ததுன்னு நாம எப்படிக் கண்டோம்?" என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்து ரசீது வாங்கினார். அந்த ஒரு தாளின் அருமை எனக்கு அன்று தெரியவில்லை.

என்ஜினை மாற்றினால் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் சொல்கிறது. எனக்கோ அந்தப் பதினான்கு நாட்கள் இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்கும் அலைச்சலில் கரைந்தன. டாங்கில் இருந்த பெட்ரோலை வடித்து, வண்டியைச் சாக்கிலும் வைக்கோலிலும் சுற்றி, ரயில் பார்சலில் ஏற்றி, மராட்டிய நாட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதிய எண் வாங்க வேண்டும். அதாவது தாத்தாவின் எண் போய்விடும். இதை நினைத்துக் கலங்கியிருந்தபோதுதான் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி செய்தது. முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளை அந்த வகையில் சேர்க்கலாம். முன்பே பதிவானவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் விதியில் ஒரு நிபந்தனையும் இருந்தது. வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சாஸியிலோ உடலிலோ என்ஜினிலோ பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கக் கூடாது.

அலுவலக வாசலில் ஒரு தரகர் என் முகவாட்டத்தைப் பார்த்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "இது ஒரு பிரமாதமா? என்ஜினில் உள்ள எண்ணைத் தேய்த்துவிட்டு, புத்தகத்தில் உள்ள பழைய எண்ணை அடித்துக் கொடுத்தால் தீர்ந்தது. உன் தாத்தாவின் எண் எங்கும் போகாது" என்றார்.

நண்பர்களே, நான் உத்தமன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. "நாளைக் காலையில் வண்டியைக் கொண்டு வருகிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் விடுதிக்குத் திரும்பினேன். என்ஜின் என்னுடையது, பணம் கொடுத்து வாங்கியது, யாரை ஏமாற்றுகிறேன் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது. இரவு அப்பாயியிடம் டெலிபோனில் பேசினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எண்ணி விவரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏன்யா, எடைக்கல்லைத் தேய்க்காத மனுசன் வண்டி அது. அதுல நம்பரைத் தேய்க்கலாமா?" என்று கேட்டார்.

மறுநாள் நான் தரகரிடம் போகவில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு நேரே ஆய்வாளரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "என்ஜின் மாறியதால் இது பழம்பெரும் வண்டி ஆகாது, சாதாரண வண்டிதான். முதலில் உங்கள் ஊரில் என்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். 28-ஆம் எண் பாரத்தில் தடையில்லாச் சான்று வாங்குங்கள். பிறகு 27-ஆம் எண் பாரத்தோடு இங்கே வாருங்கள்" என்றார். வந்த வழியே வண்டி மறுபடி ரயிலேறியது. விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது. தாத்தாவின் காலத்துக் கையெழுத்துப் பதிவைக் கணினியில் ஏற்றுவதற்கே பல நாட்கள் ஆயின. தாமதத்துக்கான தண்டத்தையும் கட்டினேன்; அது என் அசிரத்தைக்கு உரிய கூலி.

ஆனால் அங்கே ஒரு காட்சி கண்டேன். ஹாண்டில்பாருக்குக் கீழே தலைக்குழாயில் இருக்கும் சாஸி எண்ணைப் பென்சில் பிரதி எடுக்க வேண்டும். மேஸ்திரி பூசிய புதுப் பெயிண்டு எண்ணை மூடியிருந்தது. நான் உளியால் சுரண்டப் போனேன். "சுரண்டாதீங்க தம்பி! கீறல் விழுந்தா எண்ணைத் திருத்தினீங்கன்னு சந்தேகம் வரும்" என்று ஊழியர் தடுத்து, தின்னரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தார். ஒரு மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். 1967-இல் அடித்த எண் ஒவ்வோர் இலக்கமாகத் தாளில் எழுந்து வந்தது. பழைய பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஓர் இலக்கமும் பிசகவில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு. தரகர் என்ஜினில் போலியாக அடித்துத் தருவதாகச் சொன்ன பழைமை, இங்கே உண்மையாகவே இருந்தது!

இங்கு திரும்பி, வரியும் கட்டி, புதிய எண் வாங்கினேன். அதன்பின் ஒரு விஷயம் உறைத்தது. பழம்பெரும் வண்டி என்று பதிவானவற்றைக் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கு விதி இடந்தராது. தரகர் பேச்சைக் கேட்டிருந்தால், தாத்தாவின் எண் இருந்திருக்கும். தாத்தாவைப்போல் தினமும் அந்த வண்டியில் போய்வர முடிந்திராது.

ஊரிலிருந்து பழைய வண்டி கொண்டுவர எண்ணும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பாகத்தை மாற்றினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். என்ஜினை மாற்றினால் ஊரை விட்டுக் கிளம்புமுன் பதிவு செய்துவிடுங்கள். சாஸி எண்ணின்மேல் பெயிண்டு பூச விடாதீர்கள்.

புதிய எண்ணை அப்பாயியிடம் டெலிபோனில் சொன்னேன். மராட்டியத்தின் எழுத்துக்கள் 'எம்.எச்.' என்று தொடங்குகின்றன. "அதுவும் 'எம்'முன்னுதானே ஆரம்பிக்குது? போதும்யா" என்றார். இப்போது அந்தப் புதிய எண்ணையும் கோலமாவால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாராம்.