ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

திருப்பனந்தாளிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் எங்கள் உறவுக் குடும்பங்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. நிகாஹ் அழைப்பு, வஃபாத் செய்தி, வாய்க்காலில் தண்ணீர் வந்த தகவல் யாவும் அதில்தான் வரும். அதன் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓர் இரவு, நாங்கள் திரட்டிய பொதுப்பணத்தின் கணக்கைப் பற்றி என் தாய்மாமா சற்றுக் காரமாகவே கேட்டுவிட்டார். சினங்கொண்ட நான், எவரையும் கலக்காமல் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.

நான்காம் நாள் அவருடைய பால்ய நண்பர் வஃபாத்தானார். செய்தி குழுவில் வந்தது. மாமாவும் பார்த்திருப்பார் என்றெண்ணி ஒருவரும் அவருக்குத் தனியே சொல்லவில்லை. அடக்கம் முடிந்த பின்னரே அவர் அறிந்தார். மறுநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "மருமகனே, நான் கேட்டது தப்பாகவே இருக்கட்டும். நீக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்தனர். பொறுப்பு 360 நாட்களுக்கே. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அச்சபை உரியதாயிருந்தது பெருங்குறைதான். ஆயினும், கணக்குக் காட்டாதவரை அவர்கள் விலக்கினார்கள். நானோ கணக்குக் கேட்டவரையல்லவா விலக்கினேன்!

2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். பல நாடுகளில் வாழும், ஒருவர் முகத்தை ஒருவர் காணாத தமிழர்கள் கூடி எழுதும் கலைக்களஞ்சியம் அது. பொதுவில் கலந்து பேச அவர்கள் அமைத்துள்ள இடத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். நிர்வாகிகளைப் பயனர்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். நிர்வாகி ஒருவரைத் தடுத்தால், தடுத்தவர் பெயரும் நேரமும் யாவரும் காணும் பதிவேட்டில் ஏறிவிடும். காரணத்தையும் அங்கேயே குறிக்கலாம். தடுக்கப்பட்டவர் பொதுவாகத் தமது பேச்சுப் பக்கத்தில் முறையிடவும் வழியுண்டு.

நமக்கு இது புதிதன்று. திருமறையின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை மீண்டும் குழுவில் சேர்த்தேன். அனைவரும் கூடி மஷூரா செய்தோம். எவரையும் நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்பது. மூவர் ஒப்பினால் மட்டுமே நீக்குவது. காரணத்தைக் குழுவிலேயே எழுதுவது. விலக்கப்பட்டவருக்கும் வஃபாத் செய்தியைத் தொலைபேசியில் சொல்வது. ஆண்டுக்கொரு முறை பொறுப்பை மாற்றுவது என்று முடிவாயிற்று. பொதுப்பணத்தின் வரவு செலவையும் அன்றே எழுதி எல்லோர் பார்வைக்கும் வைத்தேன்.

மாமா என்னை மன்னித்துவிட்டார். ஆனால், நண்பரின் ஜனாஸாத் தொழுகையில் நிற்கும் வாய்ப்பை அவருக்கு இனி யார் திருப்பித் தர முடியும்?