வரத்துப் பாட்டைத் தாங்கும் கருவி

ஒலிப்பதிவுக் கருவி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “ஜூமா, டாஸ்கேமா?” என்றுதான். எதைப் பதியப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். தாமிரபரணிக் கரை ஊர்களின் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு என்றால், எந்தக் கம்பெனியானாலும் 32-பிட் ஃப்ளோட் வசதி இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் காப்புப் பாடும்போது புலவரின் குரல் தணிந்துதான் இருக்கும். நடுச்சாமத்தில் சுடலைமாடன் கதை, சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டுக்கு வரும்போது வீசுகோல் நாணில் விழும் வேகம் கூடும். மணிகள் குலுங்கும், உடுக்கை முந்தும், குடத்தின் வாயில் மட்டை அறையும். பெண்கள் குலவையிட, நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும். சாமியாடி எழுவது அந்த நொடியில்தான். காப்புக்குத் தக்கபடி அளவு வைத்த 16-பிட், 24-பிட் பதிவு கரகரத்துப் போவதும் அங்கேதான். உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை அப்புறம் ஒட்டவைக்க முடியாது. சாமி வந்தபிறகு, இன்னொரு தடவை பாடுங்கள் என்று யாரிடம் கேட்பது? 32-பிட் ஃப்ளோட்டில் பதிந்திருந்தால் வீட்டுக்கு வந்து அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மைக்கே திணறிவிட்டால் அதுவும் உதவாது. கூம்பு ஒலிபெருக்கிக்கு நேரே மட்டும் உட்காராதீர்கள்.

ஆய்வாளர் நாங்குநேரி நா. வானமாமலை, வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்துத் தந்தார். அந்தச் சொற்கள் நம்மிடம் இருப்பது பெரும் பேறு. ஆனால் பின்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’வின் இழுப்பு அச்சில் ஏறாதே! அதற்காகத்தான் இத்தனை கவலை.

பென்சில் பேட்டரி போடும் கருவியே நல்லது. விடிய விடிய நடக்கும் கொடையில் பக்கத்துப் பெட்டிக்கடையிலேயே வாங்கி மாற்றிவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 32-பிட் ஸ்டீரியோ பதிவுக்கு மணிக்குச் சுமார் 1.4 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு ஓர் இரவுக்குத் தாராளம்.

கருவியை மேடைப் பலகையில் வைத்தபோது குடக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, அத இங்கன வைக்காதிய. குடம் அடிச்சா பலகையெல்லாம் அதிரும்” என்றார். கடைக்காரர் எவரும் சொல்லாத யோசனை. இப்போதெல்லாம் சிறு முக்காலியில் மாட்டி மண்தரையில்தான் நிறுத்துகிறேன்.

பாட்டு தொடங்குமுன் கோயில், நாள், பிறகு புலவர் முதல் தாளக்காரர் வரை எல்லோரின் பெயரும் அவரவர் குரலிலேயே பதிவாகட்டும். மறுநாளே எம்பி3 பிரதி ஒன்றைக் குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள். சுருக்காத மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். அவர்கள் சம்மதித்தால், அதை எங்கே பாதுகாக்கலாம் என்று பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தில் கேட்டுப் பாருங்கள்.