அப்பாவின் இரண்டாவது இன்ஜின்

அப்பா இறந்து ஓராண்டு கழிந்த பிறகு, கொட்டகையில் நின்ற அவருடைய எம்ஜிபி காரை விற்க முடிவு செய்தோம். பார்க்க வந்தவர் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

“கார் இங்கிலாந்து, இன்ஜின் ஜப்பானா? அசல் இன்ஜின் இருந்தால் இரண்டு மடங்கு தருவேன்” என்றார்.

அதைத் தேடிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

எம்ஜிபி, இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். அதன் இன்ஜின் 1798 சிசி. எங்கள் காரின் சேசிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கியது. இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினேன். சான்றிதழ் வந்தது. 1965இல் தயாரான கார், இன்ஜின் எண்ணின் தொடக்கம் 18ஜிபி, நிறம் சிவப்பு. நான் பார்த்ததெல்லாம் வெள்ளைக் கார்தான்!

அடுத்து, அப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்த பழைய கிராண்டைப் புரட்டினேன். 1979இல் இன்ஜின் எண் மாற்றப்பட்டதற்கான பதிவு அதில் இருந்தது. புதிய எண் 2டி என்று தொடங்கியது. அது டொயோட்டாவின் 1.6 லிட்டர் இன்ஜின்.

ஈப்போவில் அப்பாவுக்குப் பழக்கமான பட்டறைக்காரரைத் தேடிப் போனேன். வயது எண்பதுக்கு மேல். காரைச் சொன்னதும் நினைவு வந்துவிட்டது.

“பிளாக்கில் விரிசல் விட்டுப் போச்சு தம்பி. சாமான் இங்கிலாந்திலிருந்து வரணும், மாசக்கணக்கில் ஆகும்னேன். அப்பா ஒத்துக்கல. மோதி நொறுங்கின செலிக்காவிலிருந்து இன்ஜினைக் கழற்றிப் போட்டோம். பழைய பிளாக் அப்பவே இரும்புக் கடைக்குப் போயிருச்சு.”

“அப்படி என்ன அவசரம் அவருக்கு?”

“அதை உங்க அம்மாவைக் கேளுங்க.”

கேட்டேன். அம்மா அப்போது 14 மைல் தள்ளியிருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அந்நேரத்தில் பஸ் கிடையாது. தினமும் காலையில் அப்பாதான் கொண்டுபோய் விடுவார்.

“அந்த வெள்ளைக்காரன் இன்ஜின் என்னை ரெண்டு தடவை பால்மரக் காட்டுக்குள்ளே நிறுத்திருச்சுப்பா. பிள்ளைங்க வாசலில் காத்துக் கிடந்துச்சுங்க. இன்ஜின் மாத்தின பிறகு ஒரு நாள்கூட நான் தாமதமாப் போனதில்லை.”

இத்தனை வருடங்களில் அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

வாங்க வந்தவருக்குத் தொலைபேசியில் அழைத்து, விற்கவில்லை என்று சொன்னேன். 18ஜிபி இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்று ஆலோசனை சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதிலுள்ள எண்ணும் காரிலுள்ள எண்ணும் பொருந்தாது. பொருந்த வேண்டும் என்ற ஆசையும் இப்போது இல்லை. ஞாயிறு காலையில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்புகிறேன். முதல் திருப்பிலேயே கிளம்பிவிடுகிறது.