கிட்டாருக்கு எந்தப் பிக்அப் போடுவது? முதலில் வயரின் மறுமுனையைப் பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குக் காட்டுங்கள். வாசிக்காதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தாலும் போதும். பிள்ளை காசு கேட்டு வரும்போது உதவும்.

கற்பிட்டிப் பக்கத்துப் பழைய மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், கிட்டாருக்குப் பிக்அப் போடணும். எக்டிவ் எடுக்கிறதா, பெசிவ் எடுக்கிறதா?"

நான் விஞ்ஞான ஆசிரியர். கல்வியியற் கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டில் நண்பனிடம் பழகிய நாலு கோர்ட்தான் என் சங்கீதம். ஆனால் இது சங்கீதக் கேள்வி இல்லை, மின்சாரக் கேள்வி.

"பள்ளிக்குப் போற சேர் கிட்டார் பற்றி எழுதுறாரே" என்று சிலர் நினைப்பீர்கள். இசை பற்றி மார்க்கம் சொல்வதை உலமாக்களிடம் கேளுங்கள், அது என் இடமல்ல. என்னிடம் வரும் பிள்ளை, உழைத்த காசை எதில் போடுவது என்று கேட்கிறான். முஸ்லிம் பிள்ளையோ கத்தோலிக்கப் பிள்ளையோ இந்துப் பிள்ளையோ, எல்லாரும் ஒரே வகுப்பில் ஓமின் விதி படித்தவர்கள். அந்தப் பாடம் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் நான் பேசாமல் இருந்தால் பதில் சொல்லப் போவது கடைக்காரர்தான். அவர் கையில் இருப்பதை அவர் விற்பார்.

முதலில், பிக்அப் எதற்கு? நம் புத்தளத்துச் சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் மஞ்ச பாடும்போது தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி, றபான் போதும். முற்றத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்கும். கிட்டார் அப்படியல்ல. திறந்த வெளியில் பத்தடி தாண்டினால் அதன் சத்தம் கரைந்துவிடும். மைக் வைக்கலாமே என்றால், மண்டபத்துக்குள் அது சரி. கற்பிட்டிக் கடற்கரையில் மே முதல் ஒக்டோபர் வரை அடிக்கும் காற்றை நம்பித்தான் வெளிநாட்டுக்காரர்கள் கைட் விளையாட வருகிறார்கள். அந்தக் காற்றில் மைக் வைத்தால் காற்றின் இரைச்சல்தான் கூடுதலாகக் கேட்கும். மரத்தின் அதிர்வை நேரடியாக எடுக்கும் பிக்அப் அங்கே வேண்டும்.

பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது பீசோ வகை. அடுப்படியில் 'டிக்' என்று அழுத்திக் கேஸ் பற்றவைக்கும் லைட்டர் இருக்கிறதல்லவா, அதே தத்துவம். சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880 இல் கண்டுபிடித்தார்கள். தந்தி அதிர்ந்து அழுத்தும்போது பீசோ பட்டியில் சிறு மின்சாரம் பிறக்கிறது. இதைக் கிட்டாரில் பிரபலமாக்கிய நிறுவனங்களில் ஒன்று ஓவேஷன். ஹெலிகொப்டர் செய்துகொண்டிருந்த சார்ள்ஸ் காமன் 1966 இல் தொடங்கியது அது.

இப்போது பெசிவ், எக்டிவ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பெசிவ் என்றால் பிக்அப்பும் வயரும் ஜெக்கும் மட்டும். பெட்டரி இல்லை. எக்டிவ் என்றால் கிட்டாருக்குள்ளேயே ஒரு சின்ன ப்ரீஅம்ப் இருக்கும், அதற்கு 9 வோல்ட் சதுரப் பெட்டரி வேண்டும்.

கற்பிட்டி மணலில் கிணறு வைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஊற்று மெல்ல ஊறும் கிணற்றில் வாளி போட்டு அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். பெரிய மோட்டரை இறக்கினால் சற்று நேரத்தில் மட்டம் இறங்கும், சுவையும் மாறும். பெசிவ் பீசோ அப்படி ஒரு மெல்லிய ஊற்று. சாதாரண மிக்சரின் லைன் துளை அதற்குப் பெரிய மோட்டர்.

கணக்கில் சொன்னால், லைன் துளையின் தடை சுமார் 10,000 ஓம். கிட்டார் அம்ப்லிஃபயரில் அது சுமார் 10 இலட்சம் ஓம். பீசோவுக்கென்றே செய்த ப்ரீஅம்ப் சிலவற்றில் 1 கோடி ஓம். தடை குறைந்த இடத்தில் பீசோவைக் குத்தினால் முதலில் போவது அடித் தந்திகளின் ஒலி. தடித்த தந்தி செக்கனுக்கு 82 தடவைதான் அதிர்கிறது, அந்தக் கனம் போய் மேல் சத்தம் மட்டும் மிஞ்சும். தகரத்தில் தட்டியது போல இருக்கும். வயர் நீளக்கூடக்கூடச் சத்தமும் குறையும், இரைச்சலும் ஏறும். எக்டிவில் உள்ளிருக்கும் ப்ரீஅம்ப் ஊற்றுத் தண்ணீரைத் தாங்கியில் நிரப்பிக் கொடுப்பது போல. எந்த மோட்டர் வந்தாலும் தாங்கும்.

"அப்ப எக்டிவ்தான் நல்லது" என்று முடிக்க வேண்டாம். இதே கேள்வியோடு வந்த மூன்று இடங்களுக்கு நான் சொன்ன பதில் மூன்று விதம்.

முதலாவது, கடற்கரை ஹோட்டல்களில் இரவில் வாசிக்கும் ஒரு தம்பி. வாப்பா கடலுக்குப் போகிறவர். தென்மேல் காற்றில் வெளிக்கடல் பொங்கும் மாதங்களில் படகு கரையில் கிடக்கும். அதே மாதங்களில்தான் காற்றுக்காக ஆட்கள் வருவார்கள். வாப்பாவின் வருமானம் இறங்கும் நேரத்தில் இவன் கிட்டார்தான் வீட்டுச் சாமானுக்கு. ஒரு ஹோட்டலில், சத்தம் இப்படியே இருந்தால் அடுத்த கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிட்டாரை விற்றுவிட்டு, கடன் வாங்கிப் புதிசு எடுக்கும் யோசனையில் வந்தான்.

வாங்கிப் பார்த்தேன். கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. பெசிவ் பீசோவை ஹோட்டலின் ஸ்பீக்கர் பெட்டியில் நேராகக் குத்தியிருக்கிறான். ஒவ்வொரு இரவும் வேறு இடம், வேறு பெட்டி, இருட்டில் மணலில் வயர் இழுக்கிற வேலை. வெளியே தனி ப்ரீஅம்ப் வைத்தாலும் சத்தம் சரியாகும்தான். ஆனால் அது இன்னொரு பெட்டி, இன்னொரு வயர், மணல் போக இன்னொரு ஓட்டை. அவனுக்கு எக்டிவ்தான் சரி என்றேன். அதுவும் பக்கப் பலகையை வெட்டிப் பொருத்தும் வகை வேண்டாம், துளைக்குள் சின்னத் திருகோடு ஒட்டும் வகை எடு என்றேன். உப்புக் காற்றில் ப்ரீஅம்ப் ஒருநாள் செத்தாலும் மரத்தில் ஓட்டை மிஞ்சாது. புதுக் கிட்டார் வாங்கவில்லை, கடனும் வாங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்த சீசன் முழுக்க வாசித்தான்.

இரண்டாவது, ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் பாடகர் குழு. ஓகஸ்ட் மாதத் தலவில திருவிழாவுக்கு முன் ஒரு வழி சொல்லுங்கள் என்று வந்தார்கள். இவர்களுடைய கிட்டார் எக்டிவ், ஆனால் ஞாயிறு பூசை நடுவில் பெட்டரி செத்துப் போகிறது. காரணம் சின்னது. எக்டிவ் கிட்டாரில் பொதுவாக ஜெக்தான் சுவிட்ச். வயரைக் குத்தினால் பெட்டரி வேலை செய்யும், கழற்றினால் நிற்கும். அங்கே அஞ்சாறு பிள்ளைகள் மாறி மாறி வாசிக்கிறார்கள். பொறுப்பு யாருக்கும் இல்லாததால் வயர் கிழமை முழுக்கக் குத்தியபடியே கிடக்கிறது.

இவர்களிடம் இருப்பது ஒரே மண்டபம், ஒரே மிக்சர். ஆகவே பெசிவ். தந்தி கட்டிய பலகையின் அடியில் உள்பக்கமாக ஒட்டும் வகை. மிக்சருக்கு முன்னால் ஒரு எக்டிவ் டி.ஐ. பெட்டி. அது மிக்சரின் மைக் துளையிலிருந்து வரும் 48 வோல்ட்டிலேயே ஓடும், பெட்டரியே தேவையில்லை. ஒருமுறை வாங்கினால் ஆலயத்திலேயே இருக்கும். இதற்கு ஒரு சுருக்க விதி உண்டு: பெசிவ் பிக்அப்புக்கு எக்டிவ் டி.ஐ., எக்டிவ் பிக்அப்புக்குப் பெசிவ் டி.ஐ. போதும்.

மூன்றாவது, ஒரு பாடசாலைக் கிட்டார். ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா என்று வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் அலுமாரியை விட்டு வெளியே வரும். அங்கே பெட்டரி என்பதே ஆபத்து. மாதக்கணக்கில் கிடந்து கசிந்தால் உள்ளே இருப்பதை அரித்துவிடும். நம் கரையோரக் காற்றில் பெட்டரி முனையில் பச்சைக் களிம்பு பிடிக்க அதிக நாள் எடுக்காது. அதனால் துளையில் மாட்டிக் கழற்றும் பெசிவ் காந்தப் பிக்அப் போதும் என்றேன். கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவி மேடையில் வாசித்த கிட்டார் 2020 இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அவர் அதன் துளையில் மாட்டியிருந்ததும் காந்தப் பிக்அப்தான்.

காந்தத்துக்கு இரண்டு நிபந்தனை. தந்தி உருக்காக இருக்க வேண்டும், நைலோன் தந்தியை அது கேட்காது. இதையும் லைன் துளையில் குத்தக் கூடாது. பீசோவில் அடி ஒலி போகும், காந்தத்தில் மேல் ஒலி மங்கும். சில மிக்சர்களில் கிட்டாருக்கென்று 'ஹை-இசட்' என்ற பொத்தான் இருக்கும், அதைத் தேடுங்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சுருக்கமாக:

1. கடைக்குப் போகுமுன் மூன்று கேள்வி. எங்கே வாசிக்கப் போகிறாய்? வயரின் மறுமுனை எதில் குத்தப்படும்? பெட்டரியை யார் கவனிப்பது?

2. இடமும் பெட்டியும் தினம் மாறினால் எக்டிவ். ஒரே இடம், ஒரே மிக்சர் என்றால் பெசிவும் நல்ல ப்ரீஅம்ப்போ டி.ஐ. பெட்டியோ.

3. எக்டிவ் வைத்திருப்பவர்கள் இடைவேளையில் வயரைக் கழற்றுங்கள். அல்கலைன் பெட்டரி ஒன்று பையில் மேலதிகமாக இருக்கட்டும். சத்தம் கரகரக்கத் தொடங்கினால் முதலில் பெட்டரியை மாற்றிப் பாருங்கள். சீசன் முடிந்ததும் பெட்டரியை வெளியே எடுத்து வையுங்கள்.

4. சத்தம் சரியில்லை என்றவுடன் கிட்டாரை விற்காதீர்கள். வேறொரு அம்ப்லிஃபயரில் குத்திப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குறை கிட்டாரில் இல்லை.

5. கடையில் வாசித்துக் காட்டும் சத்தத்தை நம்பி வாங்காதீர்கள். அது அந்தக் கடையின் அம்ப்லிஃபயர். நீங்கள் வாசிக்கப் போகும் பெட்டி அதுவல்ல.

எங்கள் பிள்ளைகள் சிலர் இதில் சம்பாதிக்கிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் சில வீடுகளில் அரிசி வாங்குவது அந்தக் காசில்தான். இருபது வயதுப் பிள்ளை தேவையில்லாத கடனில் விழாமல் இருக்க ஓ.எல். விஞ்ஞானப் பாடம் உதவுமென்றால் அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

சந்தேகம் இருப்பவர்கள் கிட்டாரையும், குத்தப் போகும் பெட்டியின் படத்தையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.