இரண்டு இடது கை

தையல் கடையில் புதிதாகச் சேருகிறவனுக்கு 'காஜா பையன்' என்று பெயர். எனக்கு அப்போது வயது இருபத்தேழு. மூன்று வேலைகளை விட்டுவிட்டு, மேலப்பாளையத்தில் உம்மாவின் தம்பி கடைக்கு வந்திருந்தேன். பையன் என்று கூப்பிட மாமாவுக்கே கூச்சம். 'மருமவனே' என்றுதான் அழைப்பார். வேலையில் மட்டும் சலுகை கிடையாது. பட்டன் கட்ட வேண்டும், ஹெம்மிங் அடிக்க வேண்டும், காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்க வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் எனக்குக் கவனச்சிதறல் குறைபாடான ஏ.டி.எச்.டி. இருப்பதைப் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவர் கண்டுபிடித்திருந்தார். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை காலையில் ஒன்று, மதியம் ஒன்று.

2024இல் மார்ச் 12 அன்று ரமலானின் முதல் நோன்பு. மதிய மாத்திரையை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும். ஒரு மாசம்தானே என்று, யாரையும் கேட்காமல் இரண்டு வேளையையும் நிறுத்திவிட்டேன். காலை டீயும் கிடையாது. இரவு தராவீஹ் தொழுகை முடிந்ததும் பெருநாள் துணிகளைத் தைக்க உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். நாலு மணிக்கு, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்புவார்கள். ஆக, தூக்கமும் போயிற்று. பசி என்னை ஒன்றும் செய்யவில்லை. நோன்பென்றால் பசியைப் பற்றியே விசாரிப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மதியம், ஒரு வாடிக்கையாளரின் பெருநாள் சட்டையை வெட்டச் சொன்னார் மாமா. சட்டைக் கையின் மேல் வளைவு முன்பக்கம் ஆழமாகவும் பின்பக்கம் ஆழம் குறைவாகவும் இருக்கும். துணியை முகத்தோடு முகம் மடித்து வெட்டினால் வலதும் இடதும் தானாக அமைந்துவிடும். துணி பற்றாததால் ஒற்றையாக விரித்து ஒரு கையை வெட்டினேன். அதையே மேலே வைத்து மார்க் பண்ணி அடுத்ததையும் வெட்டினேன். திருப்பிப் போட வேண்டும் என்பது தெரியும். அந்த நிமிஷத்தில் தெருவில் போன ஆட்டோ ஹாரனுக்குத் தலையைத் தூக்கினேன், அவ்வளவுதான். தைக்க எடுத்தபோது இரண்டும் இடது கை. ஒரு முகம் மட்டும் பளபளக்கும் துணி. திருப்பித் தைக்கவும் வழியில்லை.

மாமா திட்டவில்லை. தன் கைக்காசில் அதே துணி வாங்கி வரச் சொன்னார். வந்ததும் கேட்டார்: "மாத்திரய நிப்பாட்டிட்டியால?"

அடுத்த வருஷம் ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் போனேன். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றி, சஹர் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார். பசி இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும், தூக்கத்தைக் குறைக்கக் கூடாது, படபடப்போ தலைசுற்றலோ வந்தால் அன்றைய நோன்பைத் தொடரக் கூடாது என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டேன். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, விட்ட நோன்பைப் பிறகு பிடித்து களா செய்துகொள் என்றார்.

நாலரை மணிக்குப் போட்ட மாத்திரை மதியம் இரண்டு, இரண்டரை வரை தாங்கும். அதற்கேற்ப மாமா வேலையைப் பிரித்துவிட்டார். கத்தரியைத் தொடுவது மதிய லுஹர் பாங்குக்கு முன்னால் மட்டும். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு காஜா. தராவீஹ் முடிந்ததும் நேரே வீடு. "ராத்திரி நீ தைக்கதப் பகல்ல நான் பிரிக்கணும். போய்த் தூங்குல" என்பார்.

காஜாவுக்கு முதலில் துணியைப் பிளேடால் கீற வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு நூலளவு தள்ளி ஊசியைக் குத்தி, முனையைச் சுற்றி நூலை வளைத்து இழுத்தால், கீறலின் ஓரத்தில் ஒரு முடிச்சு வந்து உட்காரும். அதை ஒட்டி அடுத்தது. இழுப்பு கூடினால் துணி சுருங்கும், குறைந்தால் முடிச்சு தொங்கும். ஐந்து மணிக்கு என் புத்தி அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி திரியும். ஆனால் ஒரு முடிச்சு போடுகிற நேரம் அதனால் நிற்க முடிந்தது. அப்புறம் இன்னொரு முடிச்சு. ஒரு சட்டைக்கு ஏழு காஜா முடிப்பதற்குள் சில நாள் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கே சொல்லிவிடுவார்கள்.

சொதப்பாமலும் இல்லை. ஒரு நாள் கடைக் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்த பிறகுதான் நோன்பு நினைவுக்கு வந்தது. மறந்து குடித்தால் நோன்பு முறியாது. நினைவு வந்ததும் நிறுத்திவிட்டால் போதும். "ஒனக்குன்னே வச்ச சட்டம்ல இது" என்று மாமா அன்று முழுக்கச் சிரித்தார்.

2025இல் 29 நோன்பில் 24 பிடித்தேன். தூங்கிப்போய் சஹரைத் தவறவிட்ட இரண்டு நாளும், படபடப்பு வந்த மூன்று நாளும் களா. அதில் மூன்றைப் பிடித்தாயிற்று, இரண்டு பாக்கி. இந்த மாத்திரை எடுக்கிறவர்கள் பிறை தெரியும்வரை காத்திருக்காமல் ஷஅபானிலேயே உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.